மைக் செட் கிடங்குகளில் கிடக்கும் இசைப் பெட்டிகள்

1980களின் பெயர்பெற்ற கீபோர்டு ஒன்று விற்பனைக்கு வந்தால் வாங்க நான்கு பேர் போட்டியிடுகிறார்கள். அதே ஒலியைத் தரும், ஆனால் வாசிக்கும் கட்டைகள் இல்லாத ரேக் பெட்டியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு கணினியும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு இசை செய்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்போது நிறைய இருக்கிறார்கள். குறைந்த செலவில் தங்கள் ஒலிக்குத் தனி நிறம் தேடும் அவர்களுக்கு இந்தப் பெட்டிகளைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். பெட்டிகள் இங்கேயே இருக்கின்றன. ஆனால் இசைக்கருவிக் கடைகளில் தேடினால் கிடைக்காது. ஒலி ஒளி அமைப்பாளரின் கிடங்கு, தேவாலயத்தின் பாடகர் மாடம், மெல்லிசைக் குழு நடத்தி ஓய்ந்த ஒருவரின் பரண் ஆகிய இடங்களில்தான் அவை கிடக்கின்றன.

ரேக் என்பது 19 அங்குல அகலமுள்ள சட்டம். தொலைபேசி நிலையங்களின் கருவிகளை அடுக்குவதற்காக வந்த அளவு அது. மில்லிமீட்டரில் சொன்னால் 482.6. உயரத்தை யூனிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு யூனிட் 44.45 மில்லிமீட்டர். இந்த அளவு இன்றுவரை மாறவில்லை. அதனால் 1985இல் ஜப்பானில் செய்த பெட்டியும் நம் ஊர்த் தச்சர் போன மாதம் பிளைவுட்டில் அடித்த ரேக்கும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும். ஒலிப்பதிவுத் துறை இந்த அளவை எடுத்துக்கொண்டதற்கும் அந்த வசதிதான் காரணம்.

கட்டைகள் இல்லாமல் ஓர் இசைக்கருவி எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தபோது மற்றதும் ஒலித்தது. அந்தக் கம்பியில் ஓடுவது ஒலி அன்று; எந்தக் கட்டை, எவ்வளவு விசையில், எப்போது அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே ஓடுகிறது. அதுதான் மிடி. வாசிப்பதும் ஒலிப்பதும் இப்படிப் பிரிந்தவுடன், ஒரு கலைஞருக்கு நல்ல கீபோர்டு ஒன்றே போதும், மற்ற ஒலிகளைப் பெட்டிகளாக வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. யமஹா, ரோலண்டு, கோர்க், ஈ-மு என எல்லா நிறுவனங்களும் தங்கள் கீபோர்டுகளின் உள்ளுறுப்பை எடுத்துத் தட்டையான பெட்டிகளில் அடைத்து விற்றன. ரோலண்டு டி-50 கீபோர்டின் பெட்டி வடிவம் டி-550. கோர்க் எம்1 கீபோர்டின் பெட்டி வடிவம் எம்1ஆர்.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழா மேடைகளிலும் திருமண வரவேற்புகளிலும் கீபோர்டு வாசித்தவர்கள் மரியாதையோடு பேசும் பெயர் ரோலண்டு எக்ஸ்பி-80. 1996இல் வந்த அந்தக் கீபோர்டின் ஒலி இயந்திரம், 1994இல் வந்த ஜேவி-1080 ரேக் பெட்டியின் இயந்திரமேதான். ஒரே நேரத்தில் 64 குரல்கள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), கூடுதல் ஒலி அட்டைகளைச் செருக நான்கு இடங்கள் என்று எல்லாம் அப்படியே இருக்கும். எக்ஸ்பி-80ஐ விற்க மனமில்லாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் அதே வீட்டில் ஜேவி-1080க்கு மேல் அரிசி மூட்டை ஏறியிருக்கலாம். ஏனென்றால் அதன் முகத்தில் சில பொத்தான்களும் ஒரு சிறிய திரையும் மட்டுமே தெரிகின்றன. அது என்னவென்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. பலர் அதை ஆம்பிளிஃபையரின் உதிரி என்றே நினைக்கிறார்கள்.

பெட்டிகள் ஒதுக்கப்பட்டதற்கு அது ஒரு காரணம். மேடை ஒலியமைப்பில் நடந்த மாற்றம் அதைவிடப் பெரிய காரணம், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நல்ல சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர்களிடம் மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு ரேக் நின்றிருக்கும். பாடகர் குரலுக்கு எக்கோவும், பெரிய கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலியான ரிவெர்பும் தரும் எஃபெக்ட் பெட்டி, ஒலி எகிறாமல் பிடித்து வைக்கும் கம்ப்ரெசர், ஒலியின் உயர், தாழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கிராஃபிக் ஈக்வலைசர், அவற்றைத் தனித்தனி ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் கிராஸ்ஓவர் எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பிறகு டிஜிட்டல் மிக்சர்கள் வந்தன. 2012இல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்ற ஒரே மிக்சருக்குள் எட்டு எஃபெக்ட்டுகளும், ஒவ்வொரு சேனலுக்கும் கம்ப்ரெசரும் ஈக்வலைசரும் அடங்கிவிட்டன. வண்டியில் ஏற்றவும் இறக்கவும் ஆள்கூலி கொடுக்கும் ஒருவர் பழைய ரேக்கைச் சுமக்க எந்தக் காரணமும் இல்லை. மேடைக்கு அது நியாயமான முடிவு. அதன் விளைவாக, கருவி கெடாமலேயே அதன் வேலை போய்விட்டது. கெட்டதால் ஒதுக்கிய பொருளுக்கும் வேலை போனதால் ஒதுக்கிய பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடுபவர் மறக்கக் கூடாது. இரண்டாம் வகைதான் நமக்கு வேண்டும், அது கிடங்குகளில் தாராளமாக இருக்கிறது.

சேகரிப்பாளர்களின் ருசி மூன்றாவது காரணம். ஒலியை எண்ணாக மாற்றாமல் மின்சுற்றிலேயே உருவாக்கும் அனலாக் கருவிகளையே அவர்கள் துரத்துகிறார்கள். ரோலண்டு எம்கேஎஸ்-80 போன்ற அனலாக் ரேக் பெட்டிகள் உலகெங்கும் எட்ட முடியாத விலைக்குப் போய்விட்டன. அவை இங்கே கிடைக்கும் என்று காத்திருப்பது வீண். 1985 முதல் 2000 வரையிலான டிஜிட்டல் பெட்டிகள்தான் நாம் தேட வேண்டியவை. அவை பழையவை, ஆனால் பழம்பொருள் மதிப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை.

எதைத் தேடுவது?

ஒரே ஒரு பெட்டியைத்தான் வாங்க முடியும் என்றால் எஃபெக்ட் பெட்டியை வாங்குங்கள் என்பேன். ஒலி எழுப்பும் பெட்டிகளில் பலவற்றுக்கு இன்று மென்பொருள் வடிவம் வந்துவிட்டது. கோர்க் எம்1, ரோலண்டு ஜேவி-1080 இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே மென்பொருளாக விற்கின்றன. கேட்டால் வித்தியாசம் மிகக் குறைவு. எஃபெக்ட் பெட்டியின் கதை வேறு. நாம் பாடிய குரல், நாம் வாசித்த கருவி அதன் மின்சுற்று வழியாக உள்ளே போய் வெளியே வருகிறது. அந்தப் பயணத்தில் ஏற்படும் இழப்பும் சேர்க்கையும்தான் அதன் குணம்.

யமஹா எஸ்பிஎக்ஸ்90ஐ எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்த, ஒரே ஒரு யூனிட் உயரமுள்ள பெட்டி. ஒலியை நொடிக்கு 31,250 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. இன்றைய குறுந்தகட்டுத் தரத்துக்கு அது 44,100. அளவு குறைந்ததால் அதன் எஃபெக்ட் ஒலி ஏறக்குறைய 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள மினுமினுப்பு வெட்டப்படுகிறது. காகிதத்தில் படித்தால் இது குறை. நம் கருவிகளோடு சேர்த்துக் கேட்டால் இது வரம். இந்த வட்டாரத்துத் தெருக்கூத்தில் ஊதப்படும் முகவீணையை நினைத்துப் பாருங்கள். கீச்சென்று காதைத் துளைக்கும் மேல் அலைவுகள் நிறைந்த ஒலி அது. புதிய மென்பொருள் ரிவெர்ப் அந்தக் கீச்சையும் முழுதாக நீட்டி எதிரொலிக்கிறது. கேட்கக் கேட்கக் காது சோர்கிறது. எஸ்பிஎக்ஸ்90இன் எதிரொலியில் அந்த மேல்பகுதி இல்லை. ஊதும் ஒலி கூர்மையாக முன்னால் நிற்கிறது, அதன் பின்னால் வரும் எதிரொலி மங்கலாக, தடித்து, தள்ளி நிற்கிறது. நாதஸ்வரத்துக்கும் பெண் குரலுக்கும் இது அப்படியே பொருந்தும். அதிலுள்ள சிம்ஃபோனிக் என்ற நிரலில் ஆர்மோனியத்தை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். ஒற்றைப் பெட்டி பல பெட்டிகளாக விரிவதைக் கேட்கலாம்.

அலெசிஸ் நிறுவனத்தின் மிடிவெர்ப் 2, 1989இல் வந்த குவாட்ராவெர்ப் இரண்டும் இதே வரிசையில் வருபவை. மிடிவெர்ப் 2 பெட்டியில் 99 நிரல்கள் நிலையாகப் பதிந்திருக்கும். எண்ணைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே வேலை. அதிலுள்ள தலைகீழ் ரிவெர்ப் நிரல்களுக்காகவே கிடார் கலைஞர்கள் அதைத் தேடுகிறார்கள். இவற்றை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றின் மின்சாரம் தனி அடாப்டர் வழியாக வருகிறது. அந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரக்கூடியது. நம் வீடுகளில் கிடக்கும் 9 வோல்ட் அடாப்டர்கள் ஏறக்குறைய எல்லாம் டிசி. கிடங்கில் அடாப்டர் தொலைந்திருக்கும். எவரோ டிசி அடாப்டரைச் செருகிப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று ஒதுக்கியிருப்பார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்படும் அலெசிஸ் பெட்டி சரியான அடாப்டர் கிடைத்தவுடன் எழுந்து உட்கார நல்ல வாய்ப்பு உண்டு. 9 வோல்ட் ஏசி தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மரை எந்த ரேடியோ மெக்கானிக்கிடமும் கட்டி வாங்கலாம்; பின்புறத்தில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவைக் காட்டினால் போதும்.

ஒலி எழுப்பும் பெட்டிகளில் என் முதல் தேர்வு யமஹா டிஎக்ஸ்81இசட். 1987இல் வந்தது. ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறை; அதற்கு நான்கு அலைகள் (ஆபரேட்டர்கள்). ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள். 128 ஒலிகள் அழிக்க முடியாதபடி உள்ளே பதிந்திருப்பதால், பேட்டரி தீர்ந்த நிலையில் கிடைத்தாலும் அவை பிழைத்திருக்கும். அதன் அடிநாத ஒலிகளுக்காகத்தான் உலகம் அதைப் பேசுகிறது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று: சுருதியை நாமே நகர்த்திக்கொள்ளலாம். மேற்கத்தியக் கீபோர்டில் ஸ முதல் மேல் ஸ வரையிலான எண்மத்தைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 100 செண்டு என்று வைத்திருக்கிறார்கள். அந்தர காந்தாரம் அதில் 400 செண்டில் நிற்கும். தம்புராவில் இயல்பாகக் கேட்கும் காந்தாரத்துக்கும் ஸட்ஜத்துக்கும் உள்ள விகிதம் 5க்கு 4; அது 386 செண்டு. இந்த 14 செண்டு வேறுபாடுதான் தம்புராவோடு சேர்த்துக் கீபோர்டு வாசிக்கும்போது நெருடலாகக் கேட்கிறது. டிஎக்ஸ்81இசட்டில் அந்த ஸ்வரத்தை இறக்கி வைத்துச் சேமித்துக்கொள்ள முடியும். ஈ-முவின் ப்ரோட்டியஸ் பெட்டிகளிலும் மாற்றுச் சுருதி வசதி உண்டு. 1989இல் வந்த ப்ரோட்டியஸ் 1, வெறும் 4 மெகாபைட் நினைவகத்தில் 32 குரல்களை ஒலித்தது. அந்த வரிசையின் மூன்றாவது பெட்டி உலக நாடுகளின் கருவிகளுக்கென்றே வந்தது. அதிலுள்ள இந்தியக் கருவிகளின் ஒலி அசலைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றை வேறு கருவிகளாக நினைத்துப் பயன்படுத்தினால் அழகாக இருக்கின்றன.

அகாய் எஸ்900, எஸ்1000 போன்ற, ஒலிகளைப் பதிந்து கட்டைகளால் வாசிக்க வைக்கும் சாம்ப்ளர்களைப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம். எஸ்900இன் 12 பிட் ஒலி பறைக்கும் உறுமிக்கும் நல்ல முரட்டுத்தன்மை தருகிறது. ஆனால் ஃபிளாப்பி இயந்திரத்தை மாற்றி யுஎஸ்பி வகை பொருத்தும் வேலை இருக்கிறது. 31 பட்டை ஈக்வலைசர், கிராஸ்ஓவர் ஆகியவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டு இசைக்கு வேண்டாம். டிபிஎக்ஸ் நிறுவனத்தின் கம்ப்ரெசர் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மின்சாரம்

புதுச்சேரிக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு வழி உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களின் உறவினர்கள் கோடை விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்து போகிறார்கள். அங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதேதான். பிரான்சில் வாங்கிய பெட்டியின் பிளக்கை மாற்றினால் போதும், இங்கே அப்படியே ஓடும். ஒரு யூனிட் பெட்டி சில கிலோதான் இருக்கும். சுங்க விதிகளைப் பார்த்துக்கொண்டு பயணப் பெட்டியில் கொண்டுவரச் சொல்வது, ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கூரியரில் வரவழைப்பதைவிட எல்லா வகையிலும் மேல். இசை நாளான ஜூன் 21ஐப் பிரான்ஸ் 1982 முதல் கொண்டாடுகிறது. புதுச்சேரியிலும் அந்த நாளில் தெருவில் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே வாசிக்கும் குழுக்களிடம் பேச்சுக் கொடுத்தால் யாரிடம் எது இருக்கிறது என்ற செய்தி கிடைக்கும்.

ஆரோவில்லில் பல நாட்டவர் வாழ்கிறார்கள். ஊர் திரும்பும்போது கருவிகளை இங்கேயே விட்டுச் செல்பவர்களும் உண்டு. அங்கே கிடைக்கும் பெட்டியின் பின்புறத்தை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற பெட்டியில் 120 வோல்ட் என்றும், ஜப்பானில் விற்ற பெட்டியில் 100 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். அதை நேராக நம் சுவரில் செருகினால் அந்த நொடியே மின்பகுதி எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 100 வோல்ட் பெட்டிக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுப்பது பழக்கத்தில் இருக்கிறது. பெட்டி சூடாகி அதன் ஆயுள் குறையும், எனவே 100 வோல்ட்டாகவே கட்டி வாங்குங்கள்.

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும், கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்துக் காயலான் கடைகளையும் பலர் சொல்வார்கள். போய்ப் பார்க்கலாம், நம்பிப் போக முடியாது. காயலான் கடைக்கு வரும் பெட்டி பெரும்பாலும் அலுமினியத்துக்கும் தாமிரத்துக்கும் பிரிக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு ஒரு படி முன்னால், கிடங்கிலேயே பிடிப்பதுதான் முக்கியம். மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர் என எங்கே போனாலும் இருபது, முப்பது ஆண்டுகளாகத் தொழில் நடத்தும் ஒலி ஒளி அமைப்பாளர் ஒருவர் இருப்பார். "அண்ணே, பழைய ரேக் இருக்கிறதா, பார்க்கலாமா?" என்று கேட்டுப் போகிறவரை அவர்கள் விரட்டுவதில்லை. ஆடி, தை, மாசி மாதங்களில் மட்டும் போகாதீர்கள். திருவிழா வேலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மழைக்காலத்தில் நிகழ்ச்சிகள் குறைவு, பேசவும் மனமிருக்கும். விலையை நியாயமாகக் கொடுங்கள். அந்த ரேக்கை அவர் கடன் வாங்கித்தான் வாங்கியிருப்பார்.

உப்பும் வெள்ளமும்

இணையத்தில் படிக்கும் அறிவுரைகள் எல்லாம் குளிர்நாட்டுப் பெட்டிகளுக்கானவை. நம் கரையில் வேறு சோதனை தேவை. கடலிலிருந்து வரும் உப்பு ஈரம் ஜாக்குகளின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளையும் குமிழ்களையும் அரிக்கிறது. குமிழைத் திருப்பும்போது கரகரவென்று ஒலித்தால் கவலை இல்லை. கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருப்பினால் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் ஒலி வந்து மறைந்தால் பெரும்பாலும் ஜாக்கின் சாலிடர் விட்டிருக்கும்; அதுவும் எளிய வேலை.

அஞ்ச வேண்டியது வெள்ளத்துக்கு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளக் கிடங்குகளில் இருந்த ரேக்குகளின் கீழ்ப்பெட்டிகள் இதில் ஏதாவது ஒன்றில் நனைந்திருக்கும். வெளியே துடைத்திருப்பார்கள், உள்ளே துடைத்திருக்க மாட்டார்கள். மேல்மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள். பலகையின் ஓரங்களில் மண்கோடு, இணைப்புகளில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு, திருகுகளின் அடியில் துரு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். ரேக்கின் மேல் தட்டிலிருந்த பெட்டிக்கு முதலிடம் கொடுங்கள்.

திரை மங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்; பின்னொளித் தாளின் ஆயுள் அவ்வளவுதான், மாற்ற முடியும். சோதிக்கப் போகும்போது ஹெட்ஃபோன், 6.35 மில்லிமீட்டர் ஜாக் உள்ள கம்பி, யுஎஸ்பி மிடி கம்பி, அதைப் போனில் இணைக்க ஓடிஜி கம்பி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போனில் ஒரு மிடி செயலி இருந்தால் அங்கேயே வாசித்துப் பார்க்கலாம். சில ரோலண்டு பெட்டிகளில் வால்யூம் குமிழை உள்ளே அழுத்தினாலே மாதிரி ஒலி வரும். மிடி கம்பியும் வேண்டாம்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பேட்டரி. சிஆர்2032 என்ற 3 வோல்ட் வில்லைதான் பெரும்பாலும் உள்ளே இருக்கும்; பலவற்றில் அது பலகையோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அதைக் கழற்றும் கணத்தில் முந்தைய உரிமையாளர் சேமித்த ஒலிகள் அழிந்துவிடும். பல மேடைகளில் ஒருவர் காதால் கேட்டுக் கேட்டு அமைத்த ஒலிகள் அவை; மறுபடி எங்கும் கிடைக்காது. முதலில் சிஸெக்ஸ் (பெட்டியின் நினைவகத்தை மிடி கம்பி வழியாக அனுப்பும் முறை) மூலம் எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்துச் சேமித்துவிட்டு, அந்தக் கோப்பை விற்றவருக்கும் அனுப்பிவையுங்கள். பிறகு பேட்டரியை மாற்றுங்கள். மாற்றும்போது வில்லைக்கு ஒரு கூடு பொருத்திவிட்டால் அடுத்தமுறை சாலிடர் வேண்டியதில்லை.

எஃபெக்ட் பெட்டியைக் கணினியோடு இணைக்க, கணினிக்கு ஒலியை வாங்கியும் வெளியே அனுப்பியும் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும்; அதில் நான்கு வெளியீடுகளும் நான்கு உள்ளீடுகளும் இருக்க வேண்டும். முதல் இரண்டு வெளியீடுகள் ஸ்பீக்கருக்கு. மூன்றாவது வெளியீட்டிலிருந்து பெட்டிக்குக் குரலை அனுப்பி, பெட்டியின் இரண்டு வெளியீடுகளை இரண்டு உள்ளீடுகளில் வாங்கிப் பதிவு செய்யுங்கள். பெட்டியில் எஃபெக்ட் அளவை முழுதாகத் திறந்து, அசல் குரல் அதன் வழியாக வராதபடி வையுங்கள். அசல் குரல் கணினியிலேயே இருக்கிறது. எஸ்பிஎக்ஸ்90இன் பின்புறத்தில் மைனஸ் 20, பிளஸ் 4 டெசிபல் என்று ஒலியின் வலு அளவை மாற்றும் சுவிட்ச் இருக்கும். இன்டர்ஃபேஸோடு இணைக்கும்போது அது பிளஸ் 4இல் இருக்க வேண்டும். பழைய பெட்டிகள் இரைகின்றன என்று குறை சொல்பவர்கள் முதலில் இந்தச் சுவிட்சைப் பார்க்கட்டும். உள்ளே போகும் ஒலி வலுவாக இருந்தால், மீட்டர் சிவப்பைத் தொடுவதற்குச் சற்று முன் வரை அனுப்பினால், அந்த இரைச்சல் பாட்டுக்கு அடியில் மறைந்துவிடும்.